இரண்டு குடிகாரர்களும் ஒரு மேஜையும்

சென்ற மாதம் அம்பத்தூரில், ஒரு டியூஷன் சென்டரின் மொட்டை மாடியில் நடந்த கூட்டத்தில் ஓர் இளைஞர் தன் கதையைப் படித்தார். வந்திருந்தவர்கள் பதினோரு பேர். (நம் பத்திரிகைகளின் சந்தாக் கணக்கை வைத்துப் பார்த்தால் இது மாநாடு.) கதை இதுதான்: எஸ்டேட்டில் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனி. சம்பளம் வந்த மறுநாள். ஒரே செக்ஷனைச் சேர்ந்த ஐந்து பேர் வேலை முடிந்து பட்டரவாக்கம் பக்கம் ஒரு டாஸ்மாக் பாருக்குப் போகிறார்கள். அவித்த முட்டை, மாங்காய்ப் பத்தை, ஒரு தட்டு ஈரல் வறுவல். குடிக்கிறார்கள், பேசுகிறார்கள். பார்ப் பையன் தட்டுகளை எண்ணிக் கணக்குச் சொல்கிறான். கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடக்கிறார்கள். அவ்வளவுதான்.

படித்து முடித்ததும் ஒருவர் கேட்டார்: "இதில் கதை எங்கே?" இன்னொருவர், நான் மிகவும் மதிப்பவர், முப்பது வருஷமாக எழுதுகிறவர், அலுப்போடு சொன்னார்: "குடியைப் பற்றித் தமிழில் எழுத இனி என்ன இருக்கிறது?" மூன்றாமவர் கொஞ்சம் தாராளமானவர். அந்த ஐந்து பேரில் ஒருவனாவது அழுதிருந்தால், அல்லது ஒருவன் தண்டவாளத்தைக் கடக்கும்போது ஏதாவது ஆகியிருந்தால், கதை "ஒரு தளத்துக்கு உயர்ந்திருக்கும்" என்றார். இளைஞர் "சரிங்க சார்" என்று சொல்லித் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்து நாங்கள் ஏழு பேர் எங்கே போனோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெயின் ரோட்டில் மூன்றாவது மாடியில் ஏ.ஸி. போட்ட ஒரு பார். வாசலில் பலகை: 'ஹாப்பி ஹவர் — எட்டு மணி வரை, ஒன்றுக்கு ஒன்று இலவசம்'. ஏழே கால் ஆகியிருந்ததால் படியேறும்போதே எல்லோருக்கும் ஓர் அவசரம் இருந்தது. எட்டு மணிக்குள் இரண்டு சுற்று சொல்லி மேஜையில் நிரப்பிக்கொண்டோம். கடலை மசாலா, கோபி 65, ஒருவருக்கு மட்டும் தனியாகப் பனீர். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அன்று பணம் கொடுப்பதாகச் சொல்லியிருந்த நண்பரின் கவிதைத் தொகுதி பற்றிப் பேச்சு வந்தது. அதைப் பற்றிப் போன மாதம்வரை கடுமையான அபிப்பிராயம் வைத்திருந்த இரண்டு பேர் அன்று அதில் 'ஒரு புதிய மொழி' இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். நான் பேசாமல் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இளைஞரைக் கூப்பிட்டோமா என்றால், கூப்பிட்டோம். "நீங்க வர்றீங்களா?" என்று, வரமாட்டார் என்று தெரிந்த குரலில். அவர் பஸ் இருக்கிறது என்றார். யாரும் வற்புறுத்தவில்லை.

அவர் படித்த கதைதான் எங்கள் மேஜையில் நடந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் அதில் கதை இல்லை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தோம்.

அந்தக் கதைக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கம் இல்லை. அதில் குறைகள் உண்டு. முதல் பக்கம் முழுக்க வீண். மழையில் தொடங்காமல் நம் இளைஞர்களுக்குக் கதை தொடங்காது போலிருக்கிறது. உரையாடலில் பாதி, வாசகனுக்குப் புரிய வேண்டுமே என்று பேசப்படுகிறது. ஆனால் அன்று அதன்மேல் வைக்கப்பட்ட ஆட்சேபணை இவை எதுவும் அல்ல. 'விஷயம்' போதாது என்பதே ஆட்சேபணை. இந்த மனோபாவத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது அந்த ஒரு கூட்டத்தோடு முடிகிற மனோபாவம் அல்ல.

நம் நவீன இலக்கியத்துக்கு இரண்டு குடிகாரர்களைத்தான் தெரியும். ஒருவன் பாவி. மனைவியின் தாலியை விற்கிறவன், குழந்தையின் ஜுரத்துக்கு வைத்திருந்த காசை எடுக்கிறவன், கடைசிப் பக்கத்தில் சாக்கடையோரம் கிடக்கிறவன். 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த காலம் முதல் பிரசாரமும் மேடை நாடகமும் பிறகு சினிமாவும் உருட்டி உருட்டித் தேய்த்த உருவம் இது. இன்னொருவன் கவிஞன். அவன் குடிப்பது சமூகத்தின் போலித்தனத்துக்கு எதிரான கலகம். அவன் தள்ளாடினால் அது தத்துவம். அவன் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காதது மத்தியதர வர்க்க மதிப்பீடுகளின் நிராகரிப்பு. முதல் குடிகாரனை ஜனரஞ்சக எழுத்து வளர்த்தது. இரண்டாமவனை நாம் வளர்த்தோம், சிறுபத்திரிகைக்காரர்கள். இரண்டு பேருக்கும் ஜன்ம விரோதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அண்ணன் தம்பிகள். இருவரும் தனியாகக் குடிக்கிறார்கள். அவர்களைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகம் கிடையாது. குடி என்பது ஆத்மாவின் வீழ்ச்சி அல்லது ஆத்மாவின் விடுதலை. எப்படியும் ஆத்மாவின் சமாச்சாரம். எதிரே உட்கார்ந்து முட்டையில் மிளகுத்தூள் தூவுகிறவனோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

இது பழைய பார்வைகூட இல்லை. சங்கப் பாடல்களில் கள் பெரும்பாலும் பங்கிட்டுக் கொள்ளப்படுகிற பொருள். அதியமான் இறந்தபோது ஒளவையார் பாடியதாகப் புறநானூற்றில் இருக்கும் கையறுநிலையில், செத்துப்போன அரசன் முதலில் நினைவுகூரப்படுவது கள்ளை எப்படிப் பகிர்ந்தான் என்பதற்காக. குறைவாக இருந்தபோது யாருக்குக் கொடுத்தான், நிறைய இருந்தபோது யாரோடு சேர்ந்து குடித்தான் என்பதற்காக. கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில் இருக்கிற உறவின் அளவுகோல் அங்கே கள்தான். குறளில் கள்ளுண்ணாமை தனி அதிகாரமாக வருகிறது. அங்கும் மற்றவர் முன்னால் மதிப்பிழப்பதே பெரிய கவலை. ஆதரவோ எதிர்ப்போ, இரண்டு இடத்திலும் எதிரே ஆள் இருக்கிறார்கள். நாம்தான் ஆட்களை எழுப்பிவிட்டு மேஜையைக் காலி செய்தோம்.

விதிவிலக்குகள் இல்லையா என்று கேட்கலாம். 1974ல் வந்த ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே'யில் கந்தன் காலையிலேயே குடியோடு தொடங்குகிறான்; அங்கே பாவமும் இல்லை, கலகமும் இல்லை. அதனால்தான் அது இன்றும் நிற்கிறது. ஆனால் கந்தனுக்கு ஆபீஸ் கிடையாது. மறுநாள் காலை அதே மனிதர்களின் முகத்தில் மறுபடி விழிக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. நான் பேசுவது அந்தக் கட்டாயம் உள்ளவர்களைப் பற்றி.

சக ஊழியர் என்கிறவரை நம் எழுத்து என்ன செய்திருக்கிறது? அந்த வார்த்தையே அரசாணையிலிருந்து பெயர்த்தெடுத்தது மாதிரி இருக்கிறது. யாரும் பேச்சில் "என் சக ஊழியர்" என்று சொல்வதில்லை. "கூட வேலை செய்றவர்" என்பார்கள், அல்லது "நம்ம செக்ஷன்தான்". சொந்தக்காரன் இல்லை, சிநேகிதன் இல்லை, எதிரி என்றும் சொல்ல முடியாது. ஆனால் மனைவியோடு விழித்திருக்கும் நேரத்தைவிட அதிக நேரம் அவனோடு கழிகிறது. இந்த உறவுக்குப் பெயர் இல்லாததால் எஸ்டேட்டில் உறவுப் பெயர்களைக் கடன் வாங்குகிறார்கள். மாமா, மச்சான், அண்ணே. மேலே இருப்பவருக்கு சார். கால் சென்டர் பையன்களிடம் பாஸ், ப்ரோ. ஒரு 'சார்' எந்த நிமிஷத்தில் 'அண்ணே' ஆகிறார் என்பதைப் பாரில் உட்கார்ந்து கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இரண்டாவது கிளாஸில். அந்த அண்ணன் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, பஞ்ச் கார்டு மிஷின் முன்னால், மறுபடி சார் ஆகிறார். சனிக்கிழமை ராத்திரிக்கும் திங்கட்கிழமை காலைக்கும் இடையில் அந்த ஒரு வார்த்தைக்கு நேர்கிற கதியை மட்டும் ஒருவர் எழுதினால் போதும், நான் பத்து 'அகவயத் தேடல்' கவிதைகளை விட்டுக்கொடுப்பேன்.

அம்பத்தூரைத் தெரியாத நண்பர்களுக்காகக் கொஞ்சம். இது திடீரென்று முளைத்த இடம் அல்ல. டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கே 1949ல் வந்தது. ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. அதே ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965ல் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. பாடியில் லூக்காஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா. அறுபதுகளில் எஸ்டேட். 2000க்குப் பிறகு அதே எஸ்டேட்டில் லேத் பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள். ஆக, ஒரே சாலையில் மூன்று தலைமுறை ஊழியர்கள் டீ குடிக்கிறார்கள்: நிரந்தரத் தொழிலாளி, காண்டிராக்ட் தொழிலாளி, கழுத்தில் பட்டியோடு கம்ப்யூட்டர் ஊழியன். மாலை ஆறு மணிக்கு இவர்கள் பிரிந்து போகும் திசையைப் பார்த்தால் நம் சமூகவியல் ஆராய்ச்சிகளில் பாதி தேவைப்படாது.

நம் ஆட்கள் கூடிக் குடிப்பதற்கு ரொம்ப வயதும் ஆகிவிடவில்லை. 1948ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. அதற்குப் பிறகு பர்மிட் உள்ளவன் கௌரவமாகக் குடித்தான், இல்லாதவன் ஒளிந்து குடித்தான். 1971ல் கருணாநிதி தளர்த்தி 1974ல் திரும்பக் கொண்டுவந்தார். 1981ல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983ல் டாஸ்மாக். 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. இத்தனையும் எந்தச் சட்டத்தின்கீழ் நடக்கிறது என்றால், 1937ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின்கீழ். துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 2023–24ல் இந்த மதுவிலக்கின் வருமானம் 45,855 கோடி ரூபாய். நம்மிடம் அங்கதம் எழுத ஆளில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் அரசிதழைப் படிக்கலாம்.

இன்னும் ஒரு விஷயம். டாஸ்மாக் பார் என்று நாம் சொல்லும் இடம், ஏலப் பத்திரத்தின் பாஷையில், கடையை ஒட்டித் தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும் உரிமம் பெற்ற இடம். குடிப்பதற்கான இடம் என்று கிடையாது. 2022ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி, இப்படிப் பார் நடத்த டாஸ்மாக்குக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று சொல்லி மூட உத்தரவிட்டார். அரசு மேல்முறையீடு செய்தது. பார்கள் நடக்கின்றன. சட்டத்தின் கண்ணில் அந்த ஐந்து பேரும் அன்று குடிக்கப் போகவில்லை. ஈரல் வறுவல் தின்னவும், பாட்டிலைக் காலியாக ஒப்படைக்கவும் போனார்கள். 'தொட்டுக்க' என்று நாம் அலட்சியமாகச் சொல்லுகிற அந்தத் தட்டுதான் அங்கே சட்டபூர்வமான ஒரே பொருள்.

அந்தத் தட்டைப் பார்க்கலாம். கௌண்டரில் பாட்டில் வாங்கும்போது காசு போட்டு வாங்குகிறார்கள். குவார்ட்டர் என்றால் 180 மில்லி, இரண்டு பேருக்குத் தொண்ணூறு தொண்ணூறு. கையில் காசு குறைவாக உள்ளவன் கடை வாசலில் நின்று "கட்டிங் இருக்கா?" என்று முன்பின் தெரியாதவனைக் கேட்பான், இரண்டு அந்நியர்கள் பாதிப் பாதி போட்டு ஒரு குவார்ட்டர் வாங்கி, கண்ணால் அளந்து ஊற்றி, பெயர் கேட்காமல் பிரிவார்கள். இந்த நகரத்தில் ஜாதி விசாரிக்காமல் நடக்கும் கொடுக்கல் வாங்கல்களில் இது ஒன்று என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் செக்ஷன் ஆட்களோடு வரும்போது அந்தச் சமத்துவம் கிடையாது. முட்டை ஐந்து, அதில் பிரச்னை இல்லை. ஈரல் ஒரு தட்டு. முதலில் கை வைப்பது யார்? கடைசித் துண்டு யாருக்கு? யார் ஊற்றுவது, யார் தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரிப்பது? பல கம்பெனிகளில் காண்டிராக்ட் ஆளுக்கு யூனிபாரம் வேறு நிறம். பாருக்கு வருமுன் எல்லோரும் சட்டையை மாற்றிக்கொள்கிறார்கள். யூனிபாரத்தோடு யாராவது பார்த்துவிட்டால் வம்பு என்பது காரணம். நிறமும் போய்விடுகிறது என்பது அதில் கிடைக்கிற லாபம். மாற்றியும் முழுசாகப் போவதில்லை. தண்ணீர் பாக்கெட்டைப் பிரிக்கிறவன் யார் என்று பாருங்கள், சட்டையின் நிறம் தெரிந்துவிடும்.

எட்டரை மணிக்கு வீட்டிலிருந்து போன் வரும். "ஓ.டி.ல இருக்கேன்" என்பார்கள். அம்பத்தூரில் ஓ.டி. என்று ஒரு பஸ் ஸ்டாப் இருப்பதால் இது முழுப் பொய்யும் ஆகாது. திருமுல்லைவாயிலில் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கும் இந்த ஹாஸ்யம் தெரியும். அவளும் அந்த மேஜையில்தான் இருக்கிறாள், நாற்காலி இல்லாமல்.

இளைஞரின் கதையில் பில் வருகிற இடத்தைச் சொல்கிறேன். பையன் தட்டுகளை எண்ணி முந்நூற்று நாற்பது என்கிறான். ஐந்து பேரில் ஒருவன்தான் காண்டிராக்ட். கௌண்டரில் மற்றவர்களோடு சமமாக இருநூறு போட்டவன், சம்பளம் பாதி என்றாலும். இப்போதும் அவன் கை முதலில் பாக்கெட்டுக்குப் போகிறது. மற்ற நாலு பேரும் ஒரு நொடி பேசாமல் இருக்கிறார்கள். பிறகு மூத்தவர் "நீ வைடா" என்கிறார். கதையில் இதற்கு மேல் ஒரு வரி விளக்கம் இல்லை. அந்த ஒரு நொடி மௌனம்தான் கதை. அதில் நாலு பேரின் கணக்கும், அவர்களுடைய நல்ல குணமும், அந்த நல்ல குணத்துக்கு ஆகிற தாமதமும் இருக்கிறது. பதினோரு பேர் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருவர் காதிலும் அது விழவில்லை. யாரும் அழவில்லையே என்று காத்திருந்தோம்.

இனி மாடியில் இருக்கிற மேஜை. 'ஹாப்பி ஹவர்' என்கிற சொல் அமெரிக்கக் கப்பற்படையிலிருந்து வந்தது. 1913 வாக்கில் 'அர்கன்ஸா' என்ற போர்க்கப்பலில் மாலுமிகளுக்காக நடந்த குத்துச்சண்டை, பாட்டு, சினிமாவுக்கு அந்தப் பெயர். அடுத்த வருஷம் அந்தக் கப்பற்படையில் மதுவே தடை செய்யப்பட்டது. கட்டிப்போட்ட ஆட்களுக்கு மேலதிகாரிகள் ஏற்பாடு செய்து கொடுத்த சந்தோஷம், மணி பார்த்துத் தொடங்கி மணி பார்த்து முடிவது. பிறகு அது பார்க்காரர்களின் வியாபார உத்தியானது. மாஸசூஸெட்ஸில் 1984ல் தடை செய்தார்கள், அயர்லாந்தில் 2003ல். ஜனங்கள் வேகவேகமாகக் குடிக்கிறார்கள் என்பதால். இங்கே அது ஆபீஸின் கையில் கிடைத்திருக்கிறது, ஏறக்குறையப் பழைய கப்பல் அர்த்தத்திலேயே.

நான் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்களை மாலை ஐந்து மணிக்கு இப்படி ஒரு மாடிக்கு அழைத்துப் போவார்கள். வவுச்சரில் அதற்குத் தலைப்பு 'ஊழியர் நலன்'. எழுதியவன் நான்தான். அழைப்பில் "விருப்பமுள்ளவர்கள்" என்று இருக்கும். வராதவர்களின் பெயர் மறுநாள் சிரித்துக்கொண்டே சொல்லப்படும். மேனேஜர் நடுவில், அவருக்கு இரண்டு பக்கமும் யார் உட்கார்வது என்பதில் லிப்டிலேயே ஒரு மௌனமான போட்டி. பெண்கள் இரண்டு பேர், மேஜையின் ஒரு கோடியில், ஃப்ரெஷ் லைம் சோடாவோடு. எட்டரைக்கு அவர்களை வீட்டில் விட வண்டி. அந்த வண்டியின் டிரைவர் கீழே. டேட்டா என்ட்ரி செய்யும் காண்டிராக்ட் பையன்களுக்கு அழைப்பு இல்லை. 'பட்ஜெட்' என்று காரணம். தட்டில் ஈரல் வறுவல் கிடையாது, சிக்கன் 65தான். எலும்பில்லாதது, நெய்வேத்தியம் போல் அலங்காரமாக வைக்கப்பட்டது. கடைசித் துண்டு எப்போதும் மீந்து போகும். அதை எடுக்க யாருக்கும் தைரியம் வராது.

மேனேஜர் சொல்வார்: "இங்க நான் மேனேஜர் இல்ல. மனசு விட்டுப் பேசுங்க." ஒரு முறை ஒருவர் நிஜமாகவே பேசினார். டெஸ்பாட்சில் இருந்தவர், பதினைந்து வருஷ சர்வீஸ், அதிகம் வாய் திறக்காத மனிதர். மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு, சத்தம் போடாமல், ஓவர்டைம் மணிக்கணக்கு எப்படி எழுதப்படுகிறது, எப்படிக் குறைக்கப்படுகிறது என்று விவரமாகச் சொன்னார். சொன்னது அத்தனையும் சரி. கணக்குப் பிரிவில் இருந்த எனக்குத் தெரியாதா? மேனேஜர் அவர் தோளில் தட்டி, "இதுதான் வேணும், இப்படிப் பேசணும்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். வருஷ மதிப்பீட்டில் அவர் பெயருக்கு நேரே மனப்பான்மை சரியில்லை என்று வந்தது. வேலையை விட்டு அனுப்பவில்லை. நிரந்தர இரவு ஷிப்ட். அவர் என்னிடம் வந்து, "நீங்க அன்னிக்கு இருந்தீங்களே சார்" என்று மட்டும் சொன்னார். நான் இருந்தேன். அந்த மாலையின் பில்லைப் பாஸ் செய்தவனும் நான். 'ஊழியர் நலன்', இன்ன தொகை, கையெழுத்து.

பட்டரவாக்கம் பாரில் அந்த மனிதர் இதையே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. ஓவர்டைம் திரும்ப வந்திருக்காது. ஆனால் சொன்னது அந்த மேஜையை விட்டுப் போயிருக்காது. யாராவது ஒருவன், "விடு மாமா" என்று முட்டையைப் பிட்டுப் பாதியை அவர் பக்கம் தள்ளியிருப்பான். இந்த இரண்டு மாலைகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மொழியின் நாவலாசிரியர்களுக்கு விஷயமாகப் படவில்லை என்றால், அவர்கள் எதைத்தான் விஷயம் என்கிறார்கள்?

ஆட்சேபணை வரும் என்று தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தில் அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். நீ பார் மேஜையின் நுட்பங்களைப் பற்றிப் பேசுகிறாய் என்பார்கள். கருணாபுரத்துச் சாவுகளை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தச் சாவுகளைப் பற்றியும் நம்மிடம் இருப்பது பாவியின் கதைதான். அதனால்தான் ஒரு வாரம் எழுதிவிட்டு நிறுத்திவிட்டோம். குடித்தவன் யாரோடு, எந்த வேலை முடிந்து, யார் கடனில் குடித்தான் என்று கேட்கப் பழகியிருந்தால் நம்மால் இரண்டாவது வாரமும் எழுத முடிந்திருக்கும். ராஜாஜி சேலத்தில் கடைகளை மூடிய அதே 1937ல் இங்கிலாந்தில் 'மாஸ் அப்ஸர்வேஷன்' என்ற குழுவினர் போல்ட்டன் என்ற பஞ்சாலை ஊரின் மதுக்கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு கிளாஸைக் காலி செய்ய எத்தனை நிமிஷம் ஆகிறது, எந்த அறையில் யார் உட்காருகிறார்கள், யாருக்கு யார் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு குறித்தார்கள். 1943ல் அது புத்தகமாக வந்தது. கவிஞர்களும் அந்த இயக்கத்தில் இருந்தார்கள். தங்கள் ஆத்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்திவைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்க வேண்டும். நம் பக்கத்தில் காப்பிக்கு எழுதப்பட்டிருக்கிற பக்கங்களை நினைத்துப் பார்க்கிறேன். டிகாக்ஷன் இறங்குகிற சொட்டை எண்ணியிருக்கிறோம். டபராவை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். அந்தக் கவனம் காப்பியோடு ஏன் நின்றுபோனது என்பதை யார் வீட்டுத் திண்ணையில் அந்தக் காப்பி குடிக்கப்பட்டது என்பதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

'குடியைப் பற்றி எழுத இனி என்ன இருக்கிறது' என்று கேட்ட என் மூத்த நண்பர் அன்றிரவு மாடிப் பாரில் மூன்றாவது சுற்றில் ஒரு காரியம் செய்தார். பில் வந்ததும் தன் பர்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார், திறக்காமல். பணம் கொடுப்பதாகச் சொன்னவர் கொடுத்த பிறகு, அதே பர்ஸை அதே முகத்தோடு எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். நாங்கள் ஆறு பேர் பார்த்தோம். எழுதத் தெரிந்தவர்கள் ஆறு பேர். நான் இதை எழுதுவதால் அவர் என்னோடு பேசாமல் போகலாம். ஆனால் அவரே இதை எழுதியிருந்தால் அவருடைய கடைசி மூன்று தொகுதிகளைவிட நன்றாக இருந்திருக்கும்.

கதை இப்போது என்னிடம் இருக்கிறது. பதினாலு பக்கம், ஏதோ ஒரு கம்பெனியின் உற்பத்திப் பதிவுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியது. திருப்பினால் மிஷின் நம்பரும் ரிஜெக்ட் ஆன எண்ணிக்கையும் தெரிகிறது. இந்தப் பத்திரிகையின் ஆசிரியரிடம் கொடுத்தேன். பக்கம் இல்லை, அடுத்த இதழுக்குப் பார்க்கலாம் என்றார். இளைஞரிடம் போனில் சொன்னேன். முதல் பக்கத்தில் மழையை எடுத்துவிடச் சொன்னேன்; "அன்னிக்கு மழை பெஞ்சுது சார்" என்றார். ஒரு நாள் சாயங்காலம் சந்திக்கலாமா, பட்டரவாக்கத்திலேயே, என்று கேட்டேன். இந்த மாதம் இரண்டாவது ஷிப்ட் என்றார். பத்து மணிக்குத்தான் முடிகிறது. கடையும் பத்து மணிக்கு மூடிவிடுவார்கள்.